பொலிவியாவின் இடத்தில் மாரியம்மன்

என் பேர் ஓவியா. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைன் போடுகிறேன். மதுரையில் பற்றவைக்கும் ஈயக்கம்பி விற்கும் மணிமுத்து என்பவர், தன்னிடம் கம்பி வாங்கும் ரிப்பேர் கடைகளுக்குக் கொடுக்க மாதக் காலண்டர் ஆர்டர் கொடுத்தார். கம்பிக்கு வேண்டிய வெள்ளீயத்தைத் தோண்டி எடுக்கும் பன்னிரண்டு நாடுகள், மாதத்துக்கு ஒன்று. அவர் மறுவருஷமும் வந்தால்தான் எனக்கு வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மாய்ந்து மாய்ந்து செய்தேன். ஜனவரிக்குச் சீனா, பிப்ரவரிக்கு இந்தோனேசியா, அப்புறம் மியான்மர், பெரு, காங்கோ, பிரேசில். ஜூலைக்குப் பொலிவியா. அந்தச் சுரங்க மலையை வரையவே மூன்று நாள் ஆயிற்று.

அச்சடித்து, காலண்டர் தலையில் தகரப் பட்டை போடும்போதுதான் பார்த்தேன். ஜூலையில் பொலிவியாவைக் காணோம். மாரியம்மன் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தாள். ஃபோர்மேன் இசக்கிப்பாண்டி அண்ணனிடம் போய்க் கத்தினேன்.

“ஆடி பொறக்குற மாசத்துல சரக்கு வர்ற ஊரப் போட்டா, சரக்கு நின்னுபோகும் தாயி,” என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு. அன்று சாயங்காலமே லோடு கிளம்பிவிட்டது.

மணிமுத்து ஒன்றும் கேட்கவில்லை. பொலிவியா போனதையே அவர் கவனிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அந்தக் காலண்டர் வருஷத்து அக்டோபரில் அவரிடமிருந்து போன் வந்தது. எந்த ரிப்பேர் கடைக்குப் போனாலும் அவர் காலண்டர் ஜூலையிலேயே நிற்கிறதாம். அம்மனை மடித்துப் பின்னால் தள்ள ஒருத்தருக்கும் மனசு வரவில்லையாம். பூ வேறு வைத்திருக்கிறார்களாம். தேதி பார்க்கப் பக்கத்திலேயே வேறு கம்பிக் கம்பெனியின் காலண்டரை மாட்டிவிட்டார்களாம்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். பயத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது.

“அடுத்த வருசம் அம்மனை டிசம்பருக்குக் கொண்டுபோயிருவோம்ங்க. அதுக்குப் பின்னால புரட்ட எதுவும் இல்லல்ல? வருசம் முடிஞ்சாலும் ஆணியிலருந்து கழத்த மாட்டாக. உங்க கடைப் பேரு அங்கனயே தொங்கும்.”

மணிமுத்து அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு ஆர்டரை இரண்டு மடங்காக்கிவிட்டார்.

முதலாளியிடம் ஓடிப்போய் நடந்ததை அப்படியே சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவர், ஆணியிலிருந்து கழற்ற மாட்டார்கள் என்ற இடம் வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை நிரந்தரம் என்றார். இந்த யோசனையை மட்டும் வேறு எந்தக் கம்பெனிக்காரனிடமும் சொல்லிவிடாதே, பழைய காலண்டரை எவனும் கழற்றாவிட்டால் சிவகாசியே பிழைப்புக்கு எங்கே போகும் என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.