இஞ்சின் நம்பர் இல்லாத தெப்பம்

1

இந்தக் கதை முதலில் ஒரு மனுவாக இருந்தது. மனுவாகத் தோற்றுப்போனதால் கதையாக எழுதிப் பார்க்கிறேன். கோவில்பட்டியில் மாலை வகுப்பில் அலுவலகக் கடிதம் எழுதப் படிக்கிறேன். அந்த ஒரே குற்றத்துக்காக ஊரார் மனு எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். தினமும் டைரி எழுதுகிறவள் என்பதால் தேதிகள் சரியாக இருக்கும். மற்றவற்றுக்கு உத்தரவாதம் இல்லை.

தொடக்கம் ஒன்று: கரிசல் காட்டில் தெப்பமா என்று நீங்கள் வியக்கலாம், ஆனால்

(அடித்துவிட்டேன். நீங்கள் ஏன் வியக்க வேண்டும்? மழை பெய்தால் இங்கேயும் தண்ணீர் நிற்கும்.)

தொடக்கம் இரண்டு: நீர் என்பது

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவர்கள் மேடைகளில் இருக்கிறார்கள்.)

தொடக்கம் மூன்று: பசுவந்தனை போகும் வழியில் எங்கள் கண்மாய். ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்தால் அக்கரைத் தெருவுக்கும் சாலைக்கும் நடுவே இருக்கிற பாதை முங்கிவிடும். சுற்றிப் போனால் ஐந்து கிலோமீட்டர் சேறு. கரிசல் சேறு செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும். அதனால் இரண்டு லாரி டியூப், மேலே பழைய கதவு ஒன்று, இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒரு கயிறு. கயிற்றைப் பிடித்து இழுத்தால் பத்து நிமிடத்தில் சாலை.

இது இருக்கட்டும். அழகில்லை, ஆனால் பொய்யில்லை.

2

சந்தனமாரி அக்காவுக்கு அக்கரையில் வீடு, தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஆறரை மணிக்குச் சாலையில் வேன் வரும். சேர்ந்தாற்போல் மூன்று நாள் வேனைத் தவறவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் அவர் ஒருவர்தான்.

1999 நவம்பரில் கண்மாயின் மீன் குத்தகையை எடுத்த பூவனநாதன் அண்ணாச்சி, தெப்பம் கரை சேரும் இரண்டு துறைகளிலும் முள்கம்பி கட்டினார்.

"தெப்பம் போனா மீனு மிரளுது. மிரண்ட மீனு எடை வைக்காது தாயி."

"நீங்க படகுல மோட்டார் போட்டு விடுதீங்களே அண்ணாச்சி, அதுக்கு மிரளாதா?" என்றார் அக்கா.

"அந்தச் சத்தம் மீனுக்குப் பழகிட்டு. ஒங்க பேச்சுதான் அதுகளுக்கு ஒத்துக்கிடல."

(அண்ணாச்சி மீது எனக்குச் சந்தேகம் உண்டு. கதையில் இவ்வளவு கெட்டவர் இருந்தால் யார் நம்புவார்கள்? கொஞ்சம் நல்லவராக்கலாம் என்று கோயில் கொடைக்கு அவர் போடும் சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். சாப்பாடு உண்மைதான். அன்றைக்கும் கம்பி அங்கேதான் இருந்தது. பத்தியை எடுத்துவிட்டேன்.)

3

மனுவை ஏழு தடவை திருத்தினேன்.*

"ஏட்டி சுதா, மனு எழுதுதியா, கல்யாணப் பத்திரிகை அடிக்குதியா?" என்று கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று கத்தினார் அக்கா. அந்த மாதம் அவர் நாலு மணிக்கே எழுந்து சேற்றில் சுற்றி நடந்து வேனைப் பிடித்தார்.

* என் வீடு சாலைப் பக்கம். எனக்குத் தெப்பம் தேவையில்லை. ஏழு தடவை திருத்த நேரம் கிடைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மனுவைக் கொண்டுபோன அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குமாஸ்தா ஆறுமுகசாமி ஒரு படிவத்தை எடுத்தார். தண்ணீரில் போகும் எதற்கும் அதுதான் படிவமாம்.

"இஞ்சின் நம்பர்?"

"இஞ்சின் கிடையாது சார்."

"அப்ப எதுல ஓடுது?"

"சந்தனமாரி அக்கா கையில."

"கைக்கு நம்பர் உண்டா?"

இல்லை என்றேன். இஞ்சின் இல்லாதது இந்தப் படிவப்படி படகு ஆகாது, படகே இல்லாதபோது அதன் வழியை யாரும் மறித்ததாகவும் ஆகாது என்று பொறுமையாக விளக்கினார். கோபமே இல்லாத மனிதர். கடைசியில் அவரே மனமிரங்கி, "நேர்ல பாக்க ஆள் வரும்மா" என்றார்.

வந்தார்கள். பங்குனியில்.

கண்மாய் வெடித்துக் கிடந்தது. அதிகாரி ஷூ போட்ட காலோடு நடுக்கண்மாய் வரை நடந்துபோய் நின்றார். ஆடுகள் அவரை வேடிக்கை பார்த்தன. "எங்கம்மா தண்ணி?" என்றார். டியூப் இரண்டும் கருவேல மரத்தடியில் காற்றிறங்கிக் கிடந்தன. அவர் எழுதிய அறிக்கையை வரி மாறாமல் தருகிறேன்: 'பாதையில் நானே தடையின்றி நடந்து சென்றேன்.'

என் ஏழு திருத்தங்களைவிட நல்ல வாக்கியம். பொறாமையாக இருக்கிறது.

4

2000 நவம்பர். மறுபடி மழை. கண்மாய் நிறைந்தது, கம்பி அப்படியே. இந்த முறை உபரித் தண்ணீர் வழிகிற மறுகாலும் பாய்ந்து சுற்றுப்பாதை அறுந்துபோனது. திங்கள் வேன் போய்விட்டது. செவ்வாயும் போய்விட்டது.

புதன்கிழமை ஆறரைக்கு அக்கா வேனில் இருந்தார். துறைகளில் கம்பி துண்டுதுண்டாகக் கிடந்தது.

இடையில் நடந்ததற்கு மூன்று வடிவங்கள் வைத்திருக்கிறேன்.

அ) ஆடு மென்றது. (பன்னிரண்டு இழையையுமா?)

ஆ) துரு. (போன வருஷத்துக் கம்பி.)

இ) மிரண்ட மீன்கள் கூட்டமாக வந்து முட்டின. (அண்ணாச்சியின் கொள்கைப்படி இதுதான் பொருந்தும்.)

நான்காவது வடிவம் ஒன்று உண்டு. அதில் குறடு யார் வீட்டுடையது என்பதும் வரும், ஆகவே

5

நேற்று அண்ணாச்சியே என் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் வெள்ளைத்தாள்.

"ஸ்டேஷனுக்கு ஒரு புகார் எழுதணும் தாயி. நீதான் அழகா எழுதுவியாமே."

எழுதினேன். ஒரே தடவையில், திருத்தமில்லாமல். வெட்டியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'யாரோ' என்று போட்டேன்.

"யாரோன்னா ஸ்டேஷன்ல எப்படிப் புடிப்பாவ? பேரு போடு."

"நான் பாக்கலியே அண்ணாச்சி."

"போடாட்டா நானே போட்டுக்கிடுதேன். எனக்குத் தெரியாதா, யாருக்கு வேன் புடிக்கிற அவசரம்னு?"

நாளைக் காலை வரை தவணை கேட்டிருக்கிறேன். தாள் என் மேசையில்தான் இருக்கிறது. 'யாரோ'வை அடித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். என் பெயரை எழுதிப் பார்க்கலாமென்று பேனாவைத் திறந்தேன். சுதா என்று எழுத இரண்டு எழுத்துத்தான். முதல் எழுத்தோடு

வாசகரே, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். உங்களுக்கு ஆறரை மணி வேன் இல்லை. மூன்று நாள் வராவிட்டால் பேரை வெட்டுகிற இடத்தில் நீங்கள் வேலை பார்க்கவும் மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். விடிவதற்குள் யாராவது ஒருவர் நிரப்பியாக வேண்டும்:

முள்கம்பியை வெட்டியவர் பெயர்: ……………………