ஒருத்திக்கு மட்டும் தெரிந்த ஸ்டேட்டஸ்

1

இந்தக் கதை நான் திருடியது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண்ணின் செல்போனை எட்டிப் பார்த்துத் திருடினேன். நீலத் திரையில் வெள்ளை எழுத்து: ‘இனி என்னால் யாருக்கும் தொந்தரவு இருக்காது.’ மேலே ‘அக்கா’ என்று பெயர். அந்தப் பெண் திரையை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். (பிடித்திருக்கும் வரை ஸ்டேட்டஸ் நிற்கும். விரலை எடுத்தால் ஓடிவிடும்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைவேலை.

2

சங்கரன்கோவிலில் சங்கரேஸ்வரி என்றொரு பெண், புருஷனை இழந்து தனிமையில் வாடி

வேண்டாம். இப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே நீங்கள் பரிதாபப்பட்டுவிடுவீர்கள். அவள் வாய்க்காரி. தங்கை சுமதி ஒரு கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை ஸ்டேட்டஸில் பார்த்ததும் போன் போட்டாள்.

“ஏட்டி, எம் புருசன் போயி இருவது நாளு ஆவல. ஒனக்குப் பட்டுச்சேலை கேக்குதோ?”

“எங்க கொழுந்தன் கல்யாணம் யக்கா. போவாம இருக்க முடியுமா?”

“போ, யாரு வேண்டாங்கா? பல்லக் காட்டி ஊருக்கே படம் போடணுமாக்கும்!”

“நான் சிரிச்சா ஒனக்குப் பொறுக்காதே.”

அதோடு பேச்சு நின்றது.

3

தன் ஸ்டேட்டஸ் இனித் தங்கை கண்ணில் படக்கூடாது என்று சங்கரேஸ்வரி செட்டிங்கைத் திறந்தாள். ‘இவரைத் தவிர’ என்பதைத் தொடுவதற்குப் பதில், கோபத்தில் கீழே இருந்த ‘இவருக்கு மட்டும்’ என்பதைத் தொட்டு, சுமதி பெயருக்கு டிக் போட்டாள்.

(இப்படி நடக்குமா என்று செல்போன் கடை விஜிதாவிடம் கேட்டேன். “வாரத்துக்கு ரெண்டு பேரு இப்படி வந்து நிக்காங்க ஆச்சி. ஒங்க போனையும் குடுங்க, பாப்போம்” என்று சிரித்தாள். நான் கொடுக்கவில்லை.)

அன்றிலிருந்து சங்கரேஸ்வரி போட்டதெல்லாம் ஒரே ஒருத்திக்குத்தான் போனது. வாசல் கோலம், சுட்ட பணியாரம், புருஷனின் பழைய படம். அண்ணன்மார், மதினிமார் யாரும் ஒரு வார்த்தை அனுப்பவில்லை. படத்துக்குக் கீழே கண் அடையாளம், பக்கத்தில் 1. அந்த ஒன்று, தான் பார்த்ததுதான் என்று நினைத்தாள். அதைத் தொட்டால் பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

நாளுக்குப் பத்துப் படம் போட்டாள். நிமிஷத்துக்கொரு தடவை எடுத்துப் பார்த்தாள். பிறகு உலை வைப்பதை விட்டாள். தலை சீவுவதை விட்டாள். நாலு மாதம்.

சுமதி ஒன்று விடாமல் பார்த்தாள், ஊரே பார்க்கிறது என்ற நினைப்பில். “பணியாரம் சுட்டு ஸ்டேட்டஸ் வைக்கா. நல்லாத்தான இருக்கா? நான் எதுக்கு மொதல்ல பேசணும்?” என்றாள் புருஷன் வேல்ராஜிடம்.

இந்த இடத்தில் சுமதியைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. எழுந்ததும் முதல் வேலையாக அக்காளின் ஸ்டேட்டஸைத் தேடுகிறவளை என்னவென்று திட்டுவது?

4

அப்புறம் அந்த நீலத் திரை வந்தது. அண்ணன் பார்த்திருப்பார், மதினி பார்த்திருப்பாள், இந்நேரம் யாராவது போயிருப்பார்கள் என்று சுமதி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. பஸ் ஏறினாள். (நான்தான் ஏற்றினேன்.)

முடிவு, முதல் வகை. கதவு திறக்கிறது.

“என்னட்டி, இப்பந்தான் வழி தெரிஞ்சுதோ?”

“நீ சாப்பிட்டியா யக்கா?”

“முந்தாநாளு சாப்பிட்டேன்.”

இரண்டாம் வகை. சுமதி கதவைத் தட்டுகிறாள். தட்டிக்கொண்டே

இதை நான் எழுதமாட்டேன்.

5

நிஜத்தில் அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடினாளா, நடந்தாளா, நான் பார்க்கவில்லை. “அக்காவுக்கு என்னம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுத்தவள் போனை எட்டிப் பார்த்த வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முடிவைச் சொல்லும் உரிமையை அங்கேயே விட்டுவிட்டேன்.

என் மக்களே, இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வந்திருக்கும். வேறு யாராவது விசாரித்திருப்பார்கள் என்று நீங்கள் தள்ளி வைத்த பெயர். கதையை மூடிவிட்டு அவர்களுக்குப் போன் போடுங்கள். எடுக்காவிட்டால் பஸ் ஏறுங்கள்.