எடை கூடுதல்

"பொறந்து எத்தனை நாளாச்சும்மா?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. விமானத்தின் முன்சுவரில் மாட்டியிருந்த தொட்டிலில் என் மகள் ஒரு மூலையில் கிடந்தாள். மீதி இடத்தில் இன்னொரு குழந்தையைத் தாராளமாகப் படுக்க வைக்கலாம். பணிப்பெண் இரண்டு போர்வைகளைச் சுருட்டி இருபுறமும் அண்டக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "ஒன்பது மாசம்" என்றேன். அவர் சட்டென்று எதிரே இருந்த திரையில் எதையோ தேடுவதுபோல் விரலை ஓட்டினார். பாவம், நல்ல மனுஷன்தான். இருந்தாலும் அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் தபால் அலுவலகத்தில் பார்சல் கவுண்டரில் இருப்பவள். நாள் முழுக்கத் தராசோடு மல்லுக்கட்டுகிற வேலை. பெட்டியைக் கையில் வாங்கியதுமே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன், தராசில் வைப்பதெல்லாம் ரசீதுக்காகத்தான். எங்களிடம் ஓர் அளவு உண்டு, அதற்கு மேல் போனால் வாங்கக் கூடாது. "எடை கூடுதல். எடுக்க முடியாது" என்பேன். வந்தவர்கள் கெஞ்சுவார்கள், குரலை உயர்த்துவார்கள், உள்ளே இருப்பது என்னவென்று கதை சொல்வார்கள். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு பெட்டியை அவர்கள் பக்கமே தள்ளுவேன். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தராசு காட்டியதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் எடையே ஏறாத குழந்தை. பால் குடிக்க ஆரம்பித்தால் சற்று நேரத்திலேயே நெற்றியெல்லாம் வியர்த்துப்போய், களைத்து, வாயில் பாலோடு தூங்கிவிடுவாள். பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்தது அவள் அப்பா. ஆசையாக வைத்த பெயர்தான், ஆனால் மாதம் ஆக ஆக, அவர் அப்படிக் கூப்பிட்டாலே நான் பேச்சை மாற்றினேன். டாக்டர் "சில குழந்தைங்க வாகே அப்படித்தான்மா" என்றார். பார்த்தவர்கள் எல்லாரும் "தேறிடுவா, கவலைப்படாதே" என்றார்கள். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஒருநாள் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவளை அலுவலகத்துக்குத் தூக்கிப் போனபோது, சாப்பாட்டு இடைவேளையில் பார்சல் தராசின்மேல் துண்டை விரித்துப் படுக்க வைத்தேன். என் மேலதிகாரி பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போனார். அடுத்த மாதமும் வைத்தேன். அதே எண். ஈவு இரக்கமே இல்லாமல் அதே எண். அன்று சாயங்காலமே வேறு டாக்டரிடம் ஓடினோம். இதயத்தில் ஓட்டை, ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். அதைச் செய்கிற ஆஸ்பத்திரி கடல் தாண்டி இருந்தது, குழந்தை தேறித் திரும்ப மாதக்கணக்காகும் என்றார்கள்.

என் கணவர் பேருந்து ஓட்டுகிறார். அத்தனை மாதம் அவருக்கு விடுப்பு யார் கொடுப்பார்கள்? அவருடைய அக்கா துணைக்குக் கிளம்பினாள். நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தங்கமான மனுஷி, ஆனால் வாயைத் திறந்தால் ஆறுதல்தான். குழந்தை மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த காலையிலும், "நேத்தைக்கு இன்னைக்குக் கன்னம் உப்பியிருக்கு பாரேன்" என்பாள். அதனாலேயே அவள் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. விமானம் ஏறிய கொஞ்ச நேரத்தில் "எனக்கெல்லாம் தூக்கம் வராது" என்று சொன்னவள், சொல்லி முடிப்பதற்குள் குறட்டை விட்டாள். நான் தொட்டில் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். பட்டாணி அழவே இல்லை. இறங்கும்போது பின் இருக்கைகளில் இருந்தவர்கள், "எவ்வளவு சமத்து! குழந்தை இருந்ததே தெரியலையே!" என்று பாராட்டினார்கள். அழுவதற்கு மூச்சு வேண்டாமா? நான் சிரித்துவைத்தேன். கழிவறைக்குள் போய்த்தான் அழுதேன்.

ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே நடந்தது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, நானும் அக்காவும் முறைபோட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டோம். வாராவாரம் தராசில் வைத்து, "ஏறியிருக்கு, பாருங்க" என்று நர்ஸ் காட்டுவாள். எண் ஏறத்தான் செய்தது. ஆனால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. தராசில் பூஜ்யம் இருந்ததா, போர்வையோடு வைத்தாளா, டயபர் நனைந்திருந்ததா என்று துருவித் துருவிக் கேட்டு அவள் உயிரை வாங்கினேன். அங்கே எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். தாய்மாரைத் தேற்றுவது அவர்கள் வேலை. ஏற்கெனவே ஊரிலும் இப்படித் தேற்றித்தானே என்னை மாதக்கணக்கில் உட்கார வைத்தார்கள்? என் கைக்காவது தெரியுமே என்று தூக்கிப் பார்ப்பேன். ஊரார் பெட்டிக்கெல்லாம் எடை சொன்ன கை, அவளைத் தூக்கினால் மட்டும் ஒன்றும் சொல்லாது. தினமும் தூக்கிக்கொண்டே இருந்தால் எப்படித் தெரியும்? "இனிமே பயமில்லை, தைரியமா ஊருக்குப் போங்க" என்று பெரிய டாக்டர் சொன்னபோதும் தலையை ஆட்டினேனே தவிர, உள்ளே பயம் ஒரு கல் மாதிரி அப்படியேதான் இருந்தது. ஊருக்குப் போனதும் முதல் வேலையாக என் தராசில் வைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போதும் அதே முன்வரிசை இருக்கைதான். விமானம் மேலே ஏறி நிதானித்ததும் பணிப்பெண் தொட்டிலைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினாள். போனமுறை வந்தவள் இல்லை, இவள் வேறு. தலையை இழுத்துக் கட்டிய, அவசரக்காரியான ஒருத்தி. நான் பட்டாணியை உள்ளே வைத்தேன். வைத்த உடனே அவள் ஓர் உதை விட்டாள், தொட்டில் ஆடியது. பணிப்பெண் குனிந்து வயிற்றின் குறுக்கே பட்டையை இழுத்தாள். பூட்டவில்லை. தளர்த்தி மறுபடி இழுத்தாள். பிறகு நிமிர்ந்து, "சாரி மேடம், இவங்களை இதுல விட முடியாது" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. நீலம் பாரித்திருக்கிறதா என்று குழந்தையின் உதட்டைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். "ஏங்க? என்ன ஆச்சு? பறக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அதுக்கில்ல மேடம். கால் இடிக்குது, பட்டை எட்டமாட்டேங்குது. எடையும் கூடுதல். இந்தத் தொட்டில் தாங்காது. இறங்குற வரைக்கும் நீங்க மடியிலதான் வெச்சுக்கணும்."

"என்ன சொன்னீங்க?"

நான் சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துவிட்டாள். முகம் இறுகியது. "எடை கூடுதல், மேடம். ரூல்ஸ். நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று தொட்டிலை என் கண் முன்னாலேயே கழற்ற ஆரம்பித்தாள்.

அந்த முகம் எனக்குத் தெரியும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை பேருக்கு அதைக் காட்டியிருப்பேன்! என்னைத் தேற்றவேண்டும் என்று அவளுக்கு என்ன வந்தது? என் குழந்தையின் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்றே அவளுக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழுதேன், மூக்கெல்லாம் ஒழுகி, சத்தமாக. உள்ளே இருந்த கல் எங்கே போனதென்று தெரியவில்லை. பணிப்பெண் பயந்துபோய், "மேடம், வேணும்னா தலையணை நிறையக் கொண்டுவரேன்" என்றாள். "வேண்டாம்மா. நீ நல்லா இருக்கணும்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அக்கா திரும்பி என்னை ஒரு முறை முறைத்தாள். "நான் தினமும் தொண்டை கிழியச் சொன்னேனே, கேட்டியா? அவ சொன்னாத்தான் உனக்கு ஏறுமா?"

"அக்கா, நீ என்னைக்குக் குண்டாயிட்டான்னு சொல்லாம இருந்திருக்கே?" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் இத்தனை நாள் பயந்துதான் இருந்தாளென்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! மடியில் நின்றாள், குதித்தாள், முன்னால் இருந்த திரையை அறைந்தாள். டயபர் மாற்றக் கழிவறைக்குத் தூக்கிப் போனால், அந்தப் பொந்துக்குள் காலை உதறி என் கண்ணாடியைத் தட்டிவிட்டாள். தூக்கம் வந்ததும் தொடங்கினாள் பாருங்கள் ஓர் அழுகை, விமானமே எழுந்து உட்கார்ந்தது. பின்னால் ஒருவர் "அடடா, என்ன தொண்டைடா சாமி!" என்று அலுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க சார்" என்றேன், பல்லெல்லாம் தெரிய. கடைசியில் என் தோளில் கவிழ்ந்து தூங்கினாள். கை மரத்து, தோள் கடுத்து, முதுகு விட்டுப்போனது. அக்கா "குடு, கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கறேன்" என்றாள். கொடுக்கவில்லை.

விமான நிலையத்துக்கு வெளியே வந்தபோது என் கணவர் தடுப்புக் கம்பியோரம் நின்றிருந்தார். ஒரு கையில் செல்போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார். பட்டாணியை அவர் எப்போதும் ஒரே கையால்தான் தூக்குவார், சாப்பாட்டுப் பையை எடுப்பதுபோல். இப்போதும் மற்ற கையை அவள் அக்குளில் கொடுத்துத் தூக்கினார். அந்த ஒரு கைக்கு அவள் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

நிறுத்த மறந்த அந்த வீடியோ இன்னும் எங்களிடம் இருக்கிறது. அந்த இடத்தில் படம் எதுவும் தெரியாது, சட்டைப்பையின் இருட்டுதான். "வாடி, வாடி என் பட்டாணி" என்று ஒரு குரல். அப்புறம், ஆண்பிள்ளை ஒருவர் "ம்ம்…ஹூம்" என்று மூச்சைப் பிடித்து, கனமான எதையோ தூக்குகிற சத்தம்.