பாய் பழசாயிடுச்சு

1

உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறக்கக் காரணம் கலையும் இல்லை, கடலும் இல்லை. வயிற்றெரிச்சல். என் சிநேகிதன் வெள்ளைத்துரையிடம் ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. என்னிடம் ஒரு மோட்டார் போட் இருக்கிறது. என் மனைவி நாஸியாவுக்கு அவன் படகுதான் பிடித்திருக்கிறது. கதை இவ்வளவுதான். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை என்று பேனாவை மூடி வைத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'வங்கக் கடலின் நீல விரிப்பில் ஒரு வெண்ணிறப் பாய் மெல்ல—'

நிறுத்திவிட்டேன். அவன் பாயை நான் எதற்கு வர்ணிக்க வேண்டும்?

இரண்டாவது: 'தொப்பையும் வழுக்கையுமாக வெள்ளைத்துரை படகிலிருந்து—'

இதுவும் நிற்காது. அவனுக்குத் தொப்பை கிடையாது. ஐம்பதை நெருங்குகிறான், தலைமுடி அப்படியே இருக்கிறது. தி. நகரில் அவர்கள் குடும்பத்துக்கு நகைக்கடை. அதே தெருவில் எனக்குப் பெட்டி, பை விற்கிற கடை; கல்லாவில் உட்கார்ந்தபடி கதை எழுதுகிற பழக்கமும் உண்டு. சாந்தோமில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். அன்றிலிருந்து அவன் என்னை 'பாய்' என்றுதான் கூப்பிடுவான். ஹம்மாத் என்ற என் பெயர் அவனுக்கு மறந்தேபோயிருக்கலாம். [இந்த 'பாய்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போனது அதில்தான்.]

2

ஒரு நியாயமான ஒப்பீடு எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். கட்டுரையாக எழுதினால் பொறாமை வெளியே தெரியாது.

மோட்டார் போட் என்பது சாவியைத் திருகினால் கிளம்புவது. துறைமுகத்துப் படகு கிளப்பில் ஏறினால், ஃபிளாஸ்கில் இருக்கிற டீ ஆறுவதற்குள் சாந்தோம் சர்ச் கோபுரத்துக்கு நேரே வந்துவிடலாம். பட்டினப்பாக்கத்துக்கு எதிரே நங்கூரத்தைப் போட்டுவிட்டு பிரியாணி டப்பாவைத் திறக்கலாம். சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பலாம்.

பாய்மரத்துக்குக் காற்று வேண்டும். காற்று இருந்தாலும் அது வருகிற திசைக்கு நேராகப் போக முடியாது. வலமாகக் கொஞ்சம், இடமாகக் கொஞ்சம் என்று வெட்டி வெட்டித்தான் போக வேண்டும், தீபாவளிக்கு முந்தின நாள் உஸ்மான் ரோட்டில் எதிர்த்து நடப்பதுபோல. கயிறு உள்ளங்கையை அறுக்கும். படகைத் திருப்பும்போது 'குனி' என்று சத்தம் வரும். அந்த நொடியே குனியாவிட்டால் பாயின் அடிக்கட்டை மண்டையைப் பதம் பார்க்கும். காற்று நின்றுபோனால் நடுக்கடலில் அப்பளமாகக் காய வேண்டியதுதான்.

ஆக, மோட்டார்தான் மேல் என்று புத்தியுள்ள எவனும் சொல்வான்.

குறை இல்லாமல் இல்லை. பெட்ரோல் வாடை. நாஸியாவுக்குக் குமட்டும். அப்புறம் சத்தம். என் போட்டில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் 'என்ன?', 'ஒண்ணுமில்ல', 'என்னது?', 'ஒண்ணுமில்லீங்க' என்பதுதான்.

[ஓரக்குறிப்பு: பாய்மரத்தில் சத்தமே கிடையாது. பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். இதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும்தான். சேர்த்தால், யாருடைய மூச்சு யாருக்குக் கேட்கிறது என்ற கேள்வி வரும். எனவே சேர்க்கவில்லை.]

3

அவன் படகில் அவளை முதன்முதலில் ஏற்றிவிட்டதே நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். 'என் போட்ல குமட்டுதுங்கறா, உன்னுதுல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போடா' என்று என் வாயாலேயே சொன்னேன். கரைக்கு வந்தபோது அவள் தலைமுடி கலைந்திருந்தது, உள்ளங்கை சிவந்திருந்தது, முகத்தில் ஒரு—

[இங்கே 'ஒளி' என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும்.]

நாஸியா அடையாறில் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருப்பவள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவனுடைய படகில் கயிறு பிடிக்கப் போனாள். கொஞ்ச நாளில் வீடே மாறிப்போனது. மந்தைவெளியில் எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடுகையில், 'இது வாடைக்காத்து இல்லீங்க, கொண்டல்காத்து' என்பாள். பீரோக் கதவை நான் திறந்தால் சட்டென்று குனிவாள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் அவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறாள். என் பொறாமைக்குக் கௌரவமான ஒரு காரணம்கூட மிஞ்சவில்லை.

4

கதைக்கு ஒரு நடுநிலையான ஆள் தேவை என்பதால் டில்லிபாபுவைக் கொண்டுவருகிறேன். பட்டினப்பாக்கத்துக்காரன். என் போட்டின் இன்ஜினைப் பார்த்துக்கொள்பவன்.

"இன்னா பாய், மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"பாய்மரம் ஒசத்தியா, மோட்டார் ஒசத்தியா டில்லி?"

"எங்க நைனா பாய் கட்டித்தான் போய்க்கினு இருந்தாரு. இன்ஜின் வந்துச்சு, பாயைக் கயட்டி வூட்டுக் கூரை மேல போட்டுட்டாரு. வவுத்துக்குப் போறவனுக்கு இன்ஜின், ஜாலிக்குப் போறவனுக்குப் பாயி. அக்கா வர்ல?"

"அந்தப் படகுல போயிருக்கா."

"ஓ," என்றான்.

அந்த 'ஓ' எனக்குப் பிடிக்கவில்லை. அவனை இந்த இடத்தோடு அனுப்பிவிடுகிறேன்.

5

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளைத்துரையும் நாஸியாவும் வருகிற சனிக்கிழமை பாய்மரத்திலேயே பாண்டிச்சேரி வரை போகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். நாஸியாவுக்கு இது பெரிய ஆசை. கிளினிக்கில் லீவு சொல்லி, உப்புக்காற்றுக்கு என்று தலைத்துணிகூடத் தனியாக வாங்கிவிட்டாள். ஆனால் கிளப்பில் ஒரு விதி உண்டு: அவ்வளவு தூரம் போகிற பாய்மரத்துக்குப் பின்னால் ஆபத்துக்கு உதவ ஒரு மோட்டார் போட் வர வேண்டும். அந்த மோட்டார் போட் என்னுடையது. நான் சரி என்றால்தான் அவள் போக முடியும்.

இதற்காக மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸப் குழு. செவ்வாய்க்கிழமை கடையில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். வெள்ளைத்துரை எழுதியிருந்தான்:

'பாய் பழசாயிடுச்சு. இனிமே தாங்காது. மாத்திடலாம்னு பாக்கறேன். நாஸியா, நீ என்ன சொல்ற?'

கீழே என் மனைவியின் பதில்:

'எனக்கும் ரொம்ப நாளா அதான் தோணுதுண்ணே. அவர் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல.'

திரும்பத் திரும்பப் படித்தேன். 'பழசாயிடுச்சு'. என்னை அஃறிணையில் போட்டிருக்கிறான். நிதானமாக இருக்கிற எவனும், அஃறிணை என்றால் அது ஒரு பொருளைப் பற்றியது என்று புரிந்துகொண்டிருப்பான். எனக்கு அது கூடுதல் அவமானமாகத்தான் பட்டது. அதுவும் என்னைக் குழுவில் வைத்துக்கொண்டே.

6

ராத்திரி சாப்பாடு. தோசை.

"நான் பழசாயிட்டேனா?" என்றேன்.

"என்னங்க?"

"இனிமே தாங்க மாட்டேனாம். மாத்திடலாமாம். உனக்கும் ரொம்ப நாளாத் தோணுதாமே."

நாஸியா என்னையே பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் படித்தாள். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அது பாய் இல்லீங்க," என்றாள். "பாய்."

அச்சில் பார்த்தால் உங்களுக்கு இது உளறலாகத் தெரியும். அவள் சொன்னபோது தெளிவாகத்தான் இருந்தது. முதல் பாய் தொண்டை அதிரச் சொல்வது, அது நான். இரண்டாவது பாய் உதடு பிரிந்து தெறிப்பது, அது படகில் கட்டுவது. வித்தியாசம் வாயில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. இத்தனை வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்த எழுத்து அன்றைக்கு என் காலை வாரிவிட்டது.

"அவர் மனசு கஷ்டப்படும்னு எழுதியிருக்கியே, அது யாரு?"

"அண்ணனோட மாமனாருங்க. அந்தப் பாய் அவர் வாங்கிக் குடுத்தது."

அதோடு விட்டாளா? அவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, முழுசாகச் சொன்னாள். வெள்ளைத்துரைக்குச் சிரிக்கும்போது மட்டும் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிடும். "ஏலே பாய், ஒன்னய மாத்துததுக்கு நான் யாருலே?" என்றான். இவள் இங்கே சிரிக்கிறாள், அவன் அங்கே சிரிக்கிறான். ஒருவர் நிறுத்துகிற இடத்தில் மற்றவர் தொடங்குகிறார்கள். நானும் சிரித்தேன். தோசை ஆறிப்போனது.

தப்பு தீர்ந்தது. பொறாமை தீரவில்லை. முன்பாவது கையில் ஆதாரம் இருந்தது.

7

முடிவுகள்.

(அ) சனிக்கிழமை என் இன்ஜின் நடுவழியில் நின்றுபோகிறது. அவர்கள் பாய்மரத்தோடு திரும்பி வந்து என்னைக் கயிறு கட்டி—

என் சொந்தக் கதையில் என்னைக் கட்டி இழுக்க அவனை விடுவேனா? அடித்தாயிற்று.

(ஆ) மகாபலிபுரத்துக்கு எதிரே காற்று நின்றுபோகிறது. புதுப் பாய் துவண்டு தொங்குகிறது. வெள்ளைத்துரை வெயிலில் தலையைச் சொறிகிறான். அப்போது தூரத்தில் ஒரு மோட்டார் சத்தம். நான். கயிற்றை வீசுகிறேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பிடித்துக் கட்டுகிறான். பாண்டிச்சேரி வரை இழுத்துப் போகிறேன்.

இதை மூன்று பக்கம், ருசித்து ருசித்து எழுதினேன். அந்தப் பக்கங்களை இங்கே தரவில்லை, நாஸியா படித்துவிட்டாள்.

"நல்லாருக்கு," என்றாள். "இதுல நான் எங்க?"

"படகுலதான் இருக்க."

"இருக்கேன் சரி. என்ன பண்றேன்?"

தாள்களை வாங்கிப் பார்த்தேன். மூன்று பக்கத்திலும் அவள் உட்கார்ந்திருந்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

"உங்க போட்லயும் இதான் பண்ணிட்டிருந்தேன்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அவன்கூட மணிக்கணக்கா என்னதான் பேசுவ?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. காத்து எந்தப் பக்கம்னு கேப்பாரு. நான் சொல்வேன். நான் சொன்ன பக்கம் திருப்புவாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

காதல் பேசினோம் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கத்தியிருக்கலாம், அவள் கூடப்பிறந்த அண்ணன்களைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்திருக்கலாம். ஒருத்தன் கேட்டான், ஒருத்தி சொன்னாள், சொன்னபடி அவன் செய்தான் என்பதை யாரிடம் போய்ப் புகார் சொல்வது? என் வாழ்க்கையில் எவன்மேலும் எனக்கு இவ்வளவு பொறாமை வந்ததில்லை.

"டில்லிபாபுகிட்ட நாளைக்கே சொல்லணும்," என்றாள் நாஸியா. "போட் வருதா, இல்லியா?"

8

(இ) என்று எழுதி, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவளும் போகாமல் எதிரிலேயே இருந்தாள். மாடிக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு பேனாவை வைத்துவிட்டு அவளைக் கேட்டேன்: "நான் பின்னாடி வரட்டுமா, போட்டை டில்லிகிட்ட குடுத்துட்டு வீட்டுல இருக்கட்டுமா? நீ சொல்லு. நீ சொல்ற மாதிரி செய்யறேன்."

நாஸியா யோசித்தாள். அவள் யோசிப்பதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எதுவும் செய்யவில்லை. அப்புறம் சொன்னாள்.

சனிக்கிழமை கடலில் யார் முன்னே போனார்கள், யார் பின்னே போனார்கள், யார் கரையிலேயே நின்றார்கள் என்பதை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். காற்று, வெயில், பாய், மோட்டார் எல்லாம் உங்கள் இஷ்டம். வெள்ளைத்துரைக்குத் தொப்பை வைத்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் சொன்ன பதிலை மட்டும் உங்களுக்குத் தர மாட்டேன். நான் கேட்டு, அவள் எனக்கென்று சொன்னது அது. அதைப் பங்கு போட எனக்கு மனசு வரவில்லை.