சுஹைனாவின் கட்டுரைக்கு ஒரு கேள்வி

அடுத்தவர் கட்டுரையைத் திருத்தும்போது நல்லது இரண்டு சொல்ல வேண்டும், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கல்லூரி மலருக்காகத் தமிழ் மிஸ் போட்ட சட்டம் இது. எனக்கு வந்தது என் வகுப்புத் தோழி சுஹைனாவின் கட்டுரை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டிய அவளுடைய அண்ணன் ஷோயப்புக்கு வலது கை விரல்கள் போன கதை.

நன்றாகத்தான் எழுதியிருந்தாள். இடது கையால் சோற்றைப் பிசைய அவன் மல்லுக்கட்டுவதை இரண்டு முறை படித்தேன். நடுவில்தான் அந்த வரி: 'அண்ணனின் கவனக்குறைவால் இது நடந்தது.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் அப்பா இன்னாசிமுத்துவும் வேறொரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர்தான். அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அதையே கேள்வியாக எழுதினேன்: 'இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் எப்படி உள்ளே போனது?'

மறுநாள் கேன்டீன் வாசலில் சுஹைனா என்னைப் பிடித்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணன்கிட்ட கேட்டேன் ரெனிட்டா. பீஸ் சீக்கிரம் வரணும்னு சூப்பர்வைசரு ஒரு பட்டன அமுக்கி டேப் போட்டு ஒட்டிட்டாராம். எல்லாரும் ஒத்தக் கையிலதான் ஓட்டுவாங்களாம். கம்பெனில கவனக்குறைவுன்னாங்க, நாங்களும் நம்பிட்டோம். அத்தா இத்தன நாளா அவன்கூட பேசவே இல்ல. நேத்துதான் அவன் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு."

"அப்ப அத எழுதுடி. அந்த வரிய அடிச்சிடு."

"அடிக்க முடியாதுடி. மலருக்கு விளம்பரம் குடுக்கறதே அந்தக் கம்பெனிதான். அண்ணனுக்குப் பதிலா தம்பி ஃபைஸானுக்கு அங்கயே வேல போட்டுக் குடுத்திருக்காங்க. அவன் சம்பளத்துலதான் வீடு ஓடுது."

கட்டுரையை நீட்டினாள். வேறு நான்கைந்து இடங்களை அழகாகத் திருத்தியிருந்தாள். அந்த வரி மட்டும் அப்படியே இருந்தது. அவள்மீது கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. வேறு யார்மீது கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

ஒரே கேள்விதான் கேட்கலாம் என்பது சட்டம். இன்னொன்றையும் கேட்டேன்.

"ஃபைஸான் எந்த மெஷின்ல நிக்கிறான்?"

"அண்ணன் நின்ன அதே பிரஸ்லதான்."

கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அந்த டேப்ப இன்னும் எடுக்கலையாம்."