மருத்துவச்சி வீட்டுப் புளி

அமீனுல்லா ஐந்தரைக்கு எழுந்தான். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய் இரண்டு நடை தண்ணீர் கொண்டுவந்தான். முகம் கை கால் கழுவினான். தொழுதான். ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தேநீர் போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சவரம் செய்துகொண்டான். பக்கத்து வீட்டு மாதம்மாள் வைத்துவிட்டுப் போன சாமைக் கஞ்சியில் பாதியைக் குடித்து, மீதியை மூடி வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினான். அவன் வீட்டின் பின்சுவரும் யூனியன் ஆபீஸின் பின்சுவரும் ஒன்றே. சுற்றிக்கொண்டு போனால் நாற்பது அடி. எட்டரைக்கு ஆபீஸைத் திறந்து, மேஜையைத் துடைத்து, மைக்கூட்டை நிரப்பி, பீரோவிலிருந்து மினிட் புத்தகத்தை எடுத்து வைத்தான்.

நாற்பத்து மூன்று நாளாக இதே வரிசைதான். ஒன்று முடிந்தால் அடுத்தது. நடுவில் இடைவெளி விட்டால் எதையாவது நினைக்க வேண்டியிருக்கும்.

இன்று கவுன்சில் கூட்டம். மனைவி செத்த பிறகு நடக்கும் முதல் கூட்டம்.

மலைமேல் இருந்த வேங்கைமரத்தூர் பஞ்சாயத்து யூனியன் ஏற்பட்டு மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் ஒரு பழக்கம் வேர்விட்டிருந்தது. கூட்டம் நடப்பதற்கு முந்தின நாளே தீர்மானங்கள் எழுதி முடிந்துவிடும். மெம்பர்கள் எட்டு மைல், பத்து மைல் காட்டு வழியே நடந்து வருகிறவர்கள். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் கிளார்க் எல்லாவற்றையும் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று முன்கூட்டியே எழுதி வைப்பான். அவர்கள் வந்து உட்கார்ந்து, அவன் படிப்பதைக் கேட்டு, டீ குடித்து, அடியில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் போவார்கள். பேசுவதற்கு வேறு விஷயங்கள் இருந்தன. அவற்றைப் பேசினார்கள்.

கிளார்க் அமீனுல்லா வாணியம்பாடிப் பையன், பி.ஏ. படித்தவன். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். “நம்ம பாய் எழுதினா கவர்மெண்டே கண்ணுல ஒத்திக்கும்” என்று சேர்மன் கோபால்சாமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். கேட்க அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது நாக்கில் கசந்தது.

ஆபீஸுக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு ஒன்று இருந்தது. பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி மலையிலேயே தங்க வேண்டும் என்று சர்க்கார் கட்டிக் கொடுத்தது. வசந்தி என்ற பெண்ணைப் போட்டார்கள். அவள் தகரப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கிக் கதவைத் திறந்தபோது, உள்ளே தரையிலிருந்து விட்டம் வரை புளி. யூனியனின் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த ரங்கசாமி, மழைக்கு ஒதுக்க இடமில்லை என்று அங்கே இறக்கியிருந்தான். ரங்கசாமி சேர்மனின் சகலை. “பதினஞ்சு நாளும்மா, எடுத்துடுவான்” என்றார் சேர்மன். பதினைந்து நாள் ஒன்றரை வருஷமானது. வசந்தி அடிவாரத்து ஆலங்காயத்தில் அறை பிடித்துக்கொண்டு, பஸ் ஓடும் திங்களும் வியாழனும் பகலில் ஏறி வந்து மூன்று மணி பஸ்ஸில் இறங்கினாள். மலையில் பிள்ளை பெறுகிறவர்கள் திங்களோ வியாழனோ பார்த்துப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ‘தற்காலிகமாக’ வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தீர்மானம். மூன்று தடவையும் எழுதியது அமீனுல்லாதான். மூன்றாம் தடவை மங்கம்மாள் எழுந்தாள். கவுன்சிலில் அவள் ஒருத்திதான் பெண் மெம்பர்.

“அந்த வூட்ட எப்பதான் காலி பண்ணுவீங்க? புளிக்கா பிரசவம் பாக்கப் போறீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். சேர்மனும் சிரித்தார். “நல்ல கேள்விதான். ஆனா பாய் எழுதிட்டாரேக்கா. மினிட் புக்குல அடிச்சா ஆடிட்டுல தோண்டித் துருவுவான். அடுத்த தபா பாத்துக்கலாம்.”

அமீனுல்லா தலை நிமிரவில்லை. ‘நான் வேண்டுமானால் வேறு பக்கத்தில் எழுதுகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வரிகூட அடித்தல் இல்லாத பக்கம். அது அழகாக இருந்தது. அப்போது அவன் மனைவி கனீஸ் ஃபாத்திமாவுக்கு ஐந்தாம் மாதம்.

எட்டு முடிந்ததும் தாய்வீட்டுக்கு வாணியம்பாடி அனுப்புவதாக ஏற்பாடு. வலி முந்திக்கொண்டது, ஒரு புதன்கிழமை. கூட்டம் இருந்த புதன்கிழமை. அன்று அவளும் போனாள், பிள்ளையும் போயிற்று. மறுநாள் வியாழன் ரங்கசாமியின் லாரி வந்தது. புளி ஏற்றுவதற்கு அல்ல, அவளை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்வதற்கு. மலைப்பாதை வளைவில் அந்த லாரியும் வசந்தி ஏறிவந்த பஸ்ஸும் ஒன்றுக்கொன்று ஒதுங்கி வழி விட்டுக்கொண்டன.

பதினொரு மணிக்கு மெம்பர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் உள்ளே நுழைந்ததும் அமீனுல்லாவின் கையைப் பிடித்து, “இன்னா பாய் பண்றது” என்றார்கள். அவன் தலையாட்டினான். பல மலையூர்கள் சேர்ந்த நெல்லிவாசல்நாட்டின் மெம்பர் சின்னராசு நேராகப் போய்ப் புது நாற்காலியில் உட்கார்ந்து, அதன் இரண்டு கைகளையும் தடவிப் பார்த்தான். எல்லாருக்கும் கைவைத்த நாற்காலி, தனக்கு மட்டும் மொட்டை நாற்காலியா என்று போன கூட்டத்தில் ரகளை செய்தவன் அவன். நாற்பத்து மூன்று நாளில் அந்த நாற்காலி திருப்பத்தூரிலிருந்து மலையேறி வந்துவிட்டது. புளி இறங்கவில்லை.

“குந்து நல்லா. இனிமே உன் ஊருக்கு ஒரு கொறையும் இல்ல” என்றாள் மங்கம்மாள்.

“நாற்காலி எனக்கா கேட்டேன்? எங்க நாட்டுக்குக் கேட்டேன்க்கா.”

“உங்க நாடே வந்து குந்தப்போவுதா இதுல?”

சேர்மன் மேஜையைத் தட்டினார். இரங்கல் தீர்மானம். எல்லாரும் எழுந்து நின்றார்கள். இரண்டு நிமிஷம் என்றார், அரை நிமிஷத்தில் யாரோ இருமினார்கள், ஒரு நிமிஷத்தில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். சேர்மன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை. அன்று அவளை வைத்த சந்தூக்கை லாரியில் ஏற்றும்போது ஒரு பக்கம் தோள் கொடுத்தவர் அவர்தான். அதுதான் அமீனுல்லாவுக்குப் பொறுக்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

“படிங்க பாய்” என்றார் சேர்மன்.

“எழுதலைங்க.”

“இன்னாது?”

“முன்னாடியே எழுதி வைக்கலைங்க. நீங்க பேசுங்க, அப்புறம் எழுதறேன்.”

சேர்மன் தன்மையாகவே சொன்னார்: “சரி, மனசு சரியில்ல, தெரியுது. நானே சொல்றேன், எழுதிக்கிங்க. குடிதண்ணிக் கெணறு, ஒத்திவைப்பு. சந்தைக் கொட்டாய்க்குக் கீத்து, சரி. பொருள் அஞ்சு, புளி... அத வழக்கம் போல ஆறு மாசம்னு போட்டுக்கிங்க.”

அமீனுல்லாவின் பேனா நின்றது. தன் காது சரியாகத்தான் கேட்டதா என்று மேஜையைச் சுற்றிப் பார்த்தான். ஒருவரும் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. ஒருவர் மூக்குப்பொடி எடுத்துக்கொண்டிருந்தார்.

“யோவ், உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கெடையாதா?” மங்கம்மாள் எழுந்துவிட்டாள். “இப்பதான் எழுந்து நின்னு அழுதீங்க. அந்தப் பொண்ணு இன்னாத்துக்குச் செத்துது?”

“ரோடு இல்லாம செத்துது” என்றார் சேர்மன். அதை உண்மையாகவே நம்பினார். “பஸ்ஸு தினம் வந்தா, புதன்கிழமையும் மருத்துவச்சி வந்திருக்கும். வாரத்துல ரெண்டு நாளு, மழை வந்தா அதுவும் இல்ல. இதுவாக்கா ரோடு? புளிக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? அதுக்குத்தான் இன்னிக்குப் பொருள் எட்டுன்னு முக்கியமா ஒண்ணு வச்சிருக்கேன். பாய், இத நல்லா எழுதணும் நீங்க.”

நல்ல தார் ரோடு கேட்டு வேலூர் கலெக்டருக்கு மனு. கவுன்சில் தீர்மானமாகவே போகும். நாலு தடவை வெறும் மனு போட்டுப் பலனில்லை. இந்தத் தடவை ஒரு சாவு இருக்கிறது.

“எப்படி எழுதறீங்கன்னா,” சேர்மன் முன்னால் சாய்ந்தார், “நம்ம கிளார்க்கு சம்சாரம், படிச்ச குடும்பம், பிரசவத்துல தவிச்சுது. உயிர் போறப்ப புருஷன் கையப் புடிச்சிக்கினு, ‘என் கதி இன்னொருத்திக்கு வரக் கூடாது, இந்த மலைக்கு ரோடு போடச் சொல்லுங்க’ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிச்சு. படிச்சா கலெக்டரு அழுவாரு.”

“நல்லா கீது” என்றான் சின்னராசு.

“அவ அப்படிச் சொல்லலைங்க.”

“சொல்லலன்னா இன்னா பாய்? சொன்னா மாதிரி எழுதறதுதான். நல்லதுக்குத்தானே. நாளைக்கு ரோடு வந்தா அந்தம்மா பேரையே வச்சிடலாம்.”

செத்தவளிடம் மிச்சம் இருந்தது அவள் சொன்ன கடைசி வார்த்தை ஒன்றுதான். அதையும் பிடுங்கி, அந்த இடத்தில் இவர்கள் வார்த்தையை வைத்து, அவன் கையாலேயே எழுத வைத்து, அதன் மேல் ஆறு மாதப் புளியைத் தூக்கி வைக்கப் போகிறார்கள். நாளைக்கு யார் இந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ரோடு இல்லாமல் செத்தாள் என்றுதான் இருக்கும். சர்க்கார் சாகடித்தது. மழை சாகடித்தது. இங்கே உட்கார்ந்திருந்தவர்கள், எழுதியவன் உட்பட, கையைக் கழுவிக்கொண்டார்கள்.

“நெஜமா சொன்னதையே எழுதறேங்க” என்றான்.

சேர்மனின் முகம் மலர்ந்தது. “அது இன்னும் நல்லது பாய். எழுதுங்க. டேய் முனியா, டீ வாங்கியா.”

முனியன் அந்த ஆபீஸின் பியூன், ஐம்பது வயதுக்காரன். அவன் போய் டீ வாங்கி வந்து, எல்லாரும் குடித்து, டம்ளர்களைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்வரை அமீனுல்லா எழுதினான். பக்கம் முழுவதும் எழுதினான். கையெழுத்து எப்போதும் போல அச்சாகவே விழுந்தது. அதுவும் அவனுக்கு ஆத்திரமாக இருந்தது.

“படிக்கிறேங்க” என்று எழுந்து நின்றான். எல்லாத் தீர்மானங்களையும் படிக்கும் அதே குரல்.

“பொருள் ஐந்தும் எட்டும் சேர்த்து. மருத்துவச்சி தங்கும் வீட்டில், சேர்மன் அவர்களின் உறவினர் ரங்கசாமியின் புளியை வைத்துக்கொள்ள இந்தக் கவுன்சில் மூன்று முறை அனுமதித்தது. மூன்று முறையும் கூட்டத்துக்கு முந்தின நாளே தீர்மானத்தை எழுதியவன் கிளார்க் அமீனுல்லா. அதனால் மருத்துவச்சி மலையில் தங்கவில்லை.”

“பாய், இது இன்னாத்துக்கு...” என்றார் சேர்மன்.

“உக்காரு கோபாலு. அந்தாளு படிக்கட்டும்” என்றாள் மங்கம்மாள்.

“கடந்த கூட்டத்தன்று காலை எட்டு மணிக்கு கிளார்க்கின் மனைவி கனீஸ் ஃபாத்திமாவுக்கு வலி கண்டது. கிளார்க் அவரை மாதம்மாள் பொறுப்பில் விட்டுக் கூட்டத்துக்கு வந்தான். கூட்டம் பதினொன்றுக்குத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்குச் சுவருக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கிளார்க்குக்குக் கேட்டது. மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அப்போது நெல்லிவாசல்நாட்டு மெம்பரின் நாற்காலி பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது ஒன்றரை மணி வரை நடந்தது.”

சின்னராசு நாற்காலியின் கைகளிலிருந்து தன் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“அதற்குப் பிறகு சத்தம் கேட்கவில்லை. வலி நின்றுவிட்டது என்று கிளார்க் நினைத்தான். நிற்கவில்லை. தன் சத்தம் சுவரைத் தாண்டிக் கூட்டத்துக்குக் கேட்கக் கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். இதை மாதம்மாள் பிறகு சொன்னார். மாதம்மாள் இரண்டு முறை பியூன் முனியனிடம் சொல்லி அனுப்பினார். இரண்டு முறையும் சேர்மன் அவர்கள் பேசிக்கொண்டிருந்ததால் முனியன் கதவருகே நின்றுவிட்டுத் திரும்பிப் போனான்.”

கதவருகே நின்ற முனியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இரண்டேகாலுக்கு மெம்பர்கள் கையெழுத்து வைக்கத் தொடங்கினார்கள். எல்லாரும் வைத்து முடிக்கும்வரை கிளார்க் மினிட் புத்தகத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. இரண்டே முக்காலுக்கு வீட்டுக்குப் போனான். பிள்ளை பிறந்து இறந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை. அவர் ரோடு கேட்கவில்லை. யாரையும் எதுவும் கேட்கச் சொல்லவில்லை. வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டுக் கிளார்க்கிடம் ஒன்று கேட்டார். அவன் பதில் சொல்வதற்குள் இறந்துபோனார். மனுவில் சேர்க்க வேண்டி அது கீழே அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.”

அமீனுல்லா பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தான். படிக்கும் குரல் அங்கே போய்விட்டது. அவள் கேட்ட மாதிரியே, ரகசியம் பேசுவதுபோல, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாது என்ற பயத்தோடு சொன்னான்.

“ஏங்க, மீட்டிங் முடிஞ்சிடுச்சா?”