அப்பாவின் அறைச் சுவர்

தகரக் கூரைக்குக் கீழே அப்பாவின் அறை அடுப்பாய்க் கொதித்தது. கூரையிலும் சுவர்களிலும் வெக்கையைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு அடைத்துப் பலகை அறையச் சொன்னேன்.

"இனி வெயில் எட்டிக்கூடப் பாக்காது, சார்," என்றார் மேஸ்திரி.

"அப்ப நான் ராஜாதாண்டா," என்று படுக்கையிலிருந்து சன்னக் குரலில் சிரித்தார் அப்பா.

எழுந்து நடக்க முடியாதவர். எது வேண்டுமென்றாலும் கரண்டியால் சுவரைத் தட்டுவார். வேலை முடிந்த மறுநாள் காலை முழுக்கத் தட்டும் சத்தமே இல்லை. வெக்கை தணிந்ததால் நன்றாகத் தூங்குகிறார் என்று அடுத்த அறையில் பேசிக்கொண்டோம். மதியம் சாப்பாட்டுடன் கதவைத் திறந்தோம். அறை குளுமையாக இருந்தது. அப்பா இறந்திருந்தார். அவர் கை எட்டிய இடமெல்லாம் புதுப் பலகையில் கரண்டியின் பள்ளங்கள்.

"இவ்வளவு தட்டியிருக்காரேங்க," என்றாள் மனைவி.